வைக்காத புள்ளி

எலக்ட்ரானிக் சாமான் கடைகள் வரிசையாக இருந்த அந்தத் தெருவில் அவளுக்கு உப்புத்தாள் என்று பெயர். முகத்துக்கு நேரே எல்லோரும் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். படியிறங்கிப் போன பிறகுதான் உப்புத்தாள். தான் செய்து விற்கும் ஒவ்வொரு சர்க்யூட் போர்டிலும், ஐ.சி. என்கிற கறுப்புச் சில்லின் முதுகில் அச்சாகியிருக்கும் எண்ணை உப்புத்தாளால் தேய்த்து அழித்துவிட்டுத்தான் அவள் வெளியே விடுவாள். எவனாவது மூடியைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே இருப்பது இன்ன ஐ.சி. என்று தெரிந்துவிடக் கூடாது. வாங்கும்போதும் அப்படித்தான். நாலு கடையில் நாலு பங்காகப் பிரித்து, தனக்குத் தேவையே இல்லாத இரண்டு சாமானையும் சேர்த்து வாங்கிப் போவாள். இல்லையென்றால் கடைக்காரர் கூட்டிக் கழித்துப் பார்த்து சர்க்யூட்டையே கண்டுபிடித்துவிடுவாராம். அந்த மனுஷனுக்குத் தன் கடைச் சாவி எங்கே இருக்கிறது என்பதே பாதி நாள் தெரியாது.

அவளை மட்டும் சொல்லிக் குற்றமில்லை. முதன்முதலில் வேலை பார்த்த இடத்தில் அவள் மூன்று மாதம் உட்கார்ந்து வரைந்த சர்க்யூட்டை முதலாளி தன் பெயரைப் போட்டு விற்றார். கேட்டதற்கு, "காகிதமும் பென்சிலும் யாருது?" என்று திருப்பிக் கேட்டார். அன்றைக்குச் சூடு பட்டவள்தான். பிறகு தையல் கடைக்கு மேலே இரண்டு அறை பிடித்து, கோழிப் பண்ணைகளில் முட்டை பொரிக்கும் இன்குபேட்டர் பெட்டிகளுக்கு போர்டு செய்ய ஆரம்பித்தபோது, படத்துக்குள்ளேயே ஒரு பூட்டுப் போட்டாள்.

அந்தப் பூட்டு ஒரு புள்ளி. சர்க்யூட் படத்தில் இரண்டு கோடுகள் குறுக்கே சந்திக்கும் இடத்தில் புள்ளி வைத்தால் இரண்டும் சேர்ந்திருக்கின்றன என்று அர்த்தம். புள்ளி இல்லையென்றால் ஒன்றையொன்று தொடாமல் தாண்டிப் போகின்றன. அவளுடைய போர்டில் இரண்டு காவல் உண்டு. ஒன்று பெட்டியின் சூட்டை ஒரே அளவில் வைத்திருக்கும். அது காலை வாரிவிட்டு சூடு ஏறிக்கொண்டே போனால், இரண்டாவது காவல் மின்சாரத்தை அடியோடு வெட்டிவிடும். இந்த இரண்டாவது காவலின் கோடு வந்து சேரும் இடத்தில் அவள் புள்ளி வைப்பதே இல்லை. அச்சாகி வரும் போர்டில் அந்த இடத்தில் மயிரிழை இடைவெளி இருக்கும். அனுப்புவதற்கு முன் அவளே கதவைச் சாத்திக்கொண்டு, ஒவ்வொரு போர்டிலும் அந்த இடைவெளியில் ஒரு சொட்டு ஈயம் வைப்பாள். படத்தைத் திருடுகிறவனுக்குச் சொட்டு விஷயம் தெரியாது. அவன் செய்த போர்டில் என்றைக்காவது முட்டை வேகும், அவன் பெயர் நாறும். பதினோரு வருஷமாக இதை அவள் கட்டிய கணவரிடம்கூடச் சொன்னதில்லை.

இத்தனை காபந்து பண்ணிய படத்தை அவள் வரைந்து வைத்திருந்தது காசு கொடுத்து வாங்கிய ஒரு மென்பொருளில். அந்தக் கம்பெனி திடீரென்று கடிதம் அனுப்பியது. அடுத்த மாதம் முதல் வருஷக் கட்டணம் மூன்று மடங்கு. படங்களெல்லாம் இனி உங்கள் கணினியில் இருக்காது, எங்களிடம் பத்திரமாக இருக்கும். கட்டணத்தைக்கூட அவள் பொறுத்திருப்பாள். பத்திரமாக இருக்கும் என்ற வார்த்தையைத்தான் அவளால் பொறுக்க முடியவில்லை.

அந்தக் கடிதம் நேரம் பார்த்து வந்தது. பெரிய பண்ணைக்காரர் ஒருவர் முப்பது போர்டு கேட்டிருந்தார், பழைய விளக்குகளுக்குப் பதிலாக எழுத்து ஓடும் சின்னத் திரை வைத்து. அதற்குப் படத்தைத் திருத்த வேண்டும். ஒரு மாதத்துக்குள் கொடுக்காவிட்டால் அவர் வேறு இடம் பார்த்துக்கொள்வார். அவர் போனால் இரண்டு அறையையும் தையல்கடைக்காரரிடம் ஒப்படைத்துவிட்டு வீட்டில் உட்கார வேண்டியதுதான்.

"இலவசமாவே நிறைய இருக்காமே," என்றார் அவள் கணவர். பேருந்து ஓட்டுகிறவர். எதையும் நேராகப் பார்த்துப் பழக்கம். "உன் தம்பிகிட்ட கேட்டேன். மூணு சாஃப்ட்வேர் பேரு அனுப்பியிருக்கான்."

தம்பி பெயரைக் கேட்டதும் அவளுக்கு மூக்கில் வேர்த்தது. இரண்டு வருஷமாக வாசல் மிதிக்காதவன், சரியாக இந்த நேரத்தில், கேட்ட மாத்திரத்தில், மூன்று பெயரைத் தயாராக வைத்திருக்கிறானே, எப்படி?

தம்பி அவளோடு ஐந்து வருஷம் வேலை பார்த்தவன். ஈயம் வைப்பதில் அவன் கை சுத்தம், அதை அவளே ஒப்புக்கொள்வாள். ஆனால் இதே பண்ணைக்காரரிடம் இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு பெட்டி சூடேறிப் போனது. பொரிய இரண்டே நாள் இருந்த அறுநூறு முட்டை. அக்காவும் தம்பியும் ஓடினார்கள். பெட்டிக் கதவைத் திறந்தவன் தம்பி. உடைத்துப் பார்த்த முட்டைகளுக்குள் குஞ்சுகள் முழுசாக வளர்ந்து செத்திருந்தன. போர்டைக் கழற்றிப் பார்த்தபோது, தம்பி வைத்த ஈயம் ஒரு இடத்தில் மங்கிப் போய்ச் சாம்பல் நிறத்தில் இருந்தது. அவள் பண்ணைக்காரர் எதிரிலேயே அதை விரலால் தொட்டுக் காட்டி, இது உன் கைதானே என்று கேட்டாள். அவன் ஆமாம் என்றான். மறுநாளிலிருந்து வரவில்லை. ஊரின் மறு கோடியில் தராசு செய்யும் கம்பெனி ஒன்றில் சேர்ந்துவிட்டதாக அப்புறம் தெரிந்தது. இன்றைக்குத் தராசு, நாளைக்கு இன்குபேட்டர் என்று அவள் மனசுக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தாள்.

அவன் அனுப்பிய பட்டியலை அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு படித்தாள். முதலாவது மென்பொருள் இணையத்திலேயே ஓடும். இலவசமாக வேண்டுமென்றால் உங்கள் படத்தை எல்லோரும் பார்க்கலாம் என்று அந்தக் கம்பெனி வெட்கமே இல்லாமல் எழுதியிருந்தது. அதை மூட அவளுக்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. இரண்டாவது கணினியில் இறக்கிக்கொள்வது, பார்க்கவும் லட்சணமாக இருந்தது. ஆனால் அதில் வரைந்ததை அந்தக் கம்பெனியின் ஆலையில்தான் போர்டாக அச்சடிக்க முடியும். வேறு எந்த மென்பொருளும் அந்தப் படத்தைத் திறக்காது. சாப்பாட்டைப் போட்டுக் கதவைப் பூட்டுகிற வேலை இது என்று அதையும் தள்ளினாள்.

மூன்றாவதுதான் அவளைப் படுத்தியது. அதை யாரும் விற்கவில்லை. கட்டணம் இல்லை, விளம்பரம் இல்லை, ஆலை இல்லை. உள்ளே எப்படி எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாமாம். உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஆட்கள் சும்மா உட்கார்ந்து செய்து கொடுத்ததாம். முதல் இரண்டு பேரும் திருடர்கள், அது தெளிவாகத் தெரிந்தது. இவர்கள் யார்? ஒரு லாபமும் இல்லாமல் ஒருவன் ஊருக்கு உழைப்பான் என்றால், அவன் லாபம் நம் கண்ணுக்குப் படாத இடத்தில் இருக்கிறது என்றுதானே அர்த்தம்?

அவள் சோதனையில் இறங்கினாள். இணையக் கம்பியைப் பிடுங்கினாள். கணினியின் கேமரா மேல் பிளாஸ்திரி ஒட்டினாள். ஒரு அழைப்பு மணி சர்க்யூட்டை வேண்டுமென்றே கிறுக்குத்தனமாக வரைந்து, கம்பியைத் திரும்பச் செருகி, ஒரு வாரம் காத்திருந்தாள். அடித்தால் நிற்காத அந்த மணி தெருவில் எந்தக் கடையிலாவது விற்பனைக்கு வருகிறதா என்று தினமும் போய்ப் பார்த்தாள். வரவில்லை. வராததே அவளுக்கு உறுத்தியது.

"இருக்கறது இருபது நாள், முப்பது போர்டு," என்றார் கணவர். "பழைய படத்தை இதுக்குள்ள கொண்டு வர உனக்குத் தெரியாது. அவனைக் கூப்பிடு. நீ கூப்பிடலைன்னா நான் கூப்பிடுவேன்."

கூப்பிட்டாள். சனிக்கிழமை மத்தியானம் வந்தான். கொஞ்சம் இளைத்திருந்தான். வந்ததும் கேமராவில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியைப் பார்த்தான். அவள் அவனிடம் திரையைச் சேர்ந்த பாதிப் படத்தை மட்டும் கொடுத்தாள். காவல்கள் இருக்கிற பாதியைத் தானே வரைந்துகொள்வதாகச் சொன்னாள். அவன் ஏன் என்று கேட்கவில்லை. கேட்டிருந்தால்கூட அவளுக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்து அவன் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்தாள். நடுவில் மேஜையில் ஒரு கம்பி விட்டுப் போயிருந்தது. ஈயம் உருக்கும் சால்டரிங் அயர்ன் சூடாகத்தான் இருக்கிறது, அதில் ஒரு சொட்டு வை என்றாள். அவன் எட்டிப் பார்த்துவிட்டு, நீயே வச்சுக்கோக்கா என்று கையை மடியில் வைத்துக்கொண்டான். ஈயத்தில் பிறந்தவன் மாதிரி இருந்தவனுக்கு என்ன வந்தது என்று அவள் யோசித்தாள். இங்கே எதிலும் தன் கை பட்டதாக இருக்கக் கூடாது என்று முன்யோசனையோடு இருக்கிறான் போலிருந்தது.

"காசு வாங்காம இதை யாருடா செய்யறா?" என்று கேட்டாள்.

"நிறைய பேர்க்கா. நானும் கொஞ்சம்."

அவள் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ஆக, அந்தக் கூட்டத்தில் இவனும் ஒருத்தன். என்ன செய்கிறாய் என்று குடைந்தாள். ஒவ்வொரு ஐ.சி.க்கும் எத்தனை கால், எந்தக் காலில் என்ன வேலை என்று பார்த்து, அதன் குறியை வரைந்து அந்த மென்பொருளின் பொது நூலகத்தில் போடுவதாகவும், மற்றவர்கள் அதை எடுத்துத் தங்கள் படத்தில் வைத்துக்கொள்வார்கள் என்றும் சொன்னான். உனக்கு என்ன கிடைக்கிறது என்று கேட்டதற்கு, ஒன்றுமில்லை, சும்மாதான் என்றான். சும்மா என்று சொல்லும்போது அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. குட்டு எங்கோ இருக்கிறது, கையும் களவுமாகப் பிடிக்க வேண்டியதுதான் பாக்கி என்று அவளுக்குத் தோன்றிவிட்டது.

திங்கட்கிழமை காலையில் மீதிப் பாதியை வரைய உட்கார்ந்தாள். சூட்டை அளக்கும் ஐ.சி.யின் குறியை நூலகத்திலிருந்து எடுத்து வைத்தாள். குறியைச் செய்தது யார் என்று ஓர் ஓரத்தில் எழுதியிருந்தது. நண்டு, அதன் பின்னால் நாற்பத்தேழு.

நண்டு என்பது தம்பி சின்ன வயதில் பக்கவாட்டில் தவழ்ந்ததற்கு வீட்டில் வைத்த பெயர். நாற்பத்தேழு அவர்கள் பிறந்த வீட்டின் கதவு எண். அவன் செய்த குறிகள் மொத்தம் எத்தனை என்று தேடிப் பார்த்தாள். இருநூற்றுப் பன்னிரண்டு. ஒவ்வொன்றுக்கும் தேதி இருந்தது. முதல் குறி, அவன் இந்தப் படியை விட்டு இறங்கிய மறு வாரம். அதிலிருந்து ஒரு வாரம்கூட விடவில்லை.

மாட்டினான் என்று நினைத்தாள். அவன் தன்னைப் போன்றவன்தானே, அதே வயிற்றில் பிறந்தவன்தானே. தான் படத்தில் புள்ளியை ஒளித்தது போல அவனும் இந்தக் குறிகளில் எங்காவது ஒரு காலை மாற்றி வைத்திருப்பான். ஐ.சி.யோடு வருகிற டேட்டா ஷீட்டைப் பக்கத்தில் விரித்து வைத்துக்கொண்டு ஒவ்வொரு காலாகச் சரி பார்த்தாள். அந்த ஒன்றோடு நிற்கவில்லை. அவன் செய்த மற்ற குறிகளில் இருபதை எடுத்துப் பார்த்தாள். மத்தியானச் சாப்பாடு ஆறிப் போனது. ஒரு கால் பிசகவில்லை. சிலவற்றில், மற்றவர்கள் கவனிக்காமல் விடக்கூடிய இடங்களில், இந்தக் காலைச் சும்மா விடாதீர்கள், ஆபத்து என்று குறிப்புக்கூட எழுதி வைத்திருந்தான்.

எரிச்சலோடு படத்தை வரைந்து முடித்தாள். வழக்கம் போல அந்த ஓர் இடத்தில் புள்ளி வைக்காமல் விட்டாள். மென்பொருளின் மேலே, படத்தைத் தானே சோதித்துப் பிழை சொல்லும் பொத்தான் ஒன்று இருந்தது. பழைய மென்பொருளிலும் அது உண்டு. நச்சரிக்கிறது என்று அவள் முதல் நாளே அதை அணைத்துவிட்டிருந்தாள். இதில் என்ன சூது இருக்கிறது பார்க்கலாம் என்று அழுத்தினாள்.

கண்ணை மூடித் திறப்பதற்குள் பதில் வந்தது. ஒரே ஒரு பிழை. இரண்டாவது காவலின் கால் எதனோடும் சேரவில்லை என்று சொல்லி, அந்த இடத்தில் சிவப்பு அம்பு ஒன்றையும் போட்டுக் காட்டியது.

அவளுக்கு முதலில் சிரிப்பு வந்தது. பதினோரு வருஷமாகக் கட்டியவருக்குக்கூடச் சொல்லாத ரகசியத்தை, யாரோ சும்மா செய்து கொடுத்த மென்பொருள் போட்டு உடைத்துவிட்டது. சிரிப்பு அடங்கியதும் மெல்ல இன்னொன்று உறைத்தது. இந்தப் பொத்தானை அழுத்தத் தெரிந்த எந்தத் திருடனுக்கும் இந்தப் பூட்டு ஒரு நிமிஷம் தாங்காது. திருடனை அது என்றைக்கும் தடுத்திருக்கப் போவதில்லை. அப்படியென்றால் பதினோரு வருஷமாக இந்தப் பூட்டு யாருக்கு?

அவள் எழுந்து அலமாரியின் மேல் தட்டிலிருந்து அந்த பிஸ்கட் டப்பாவை இறக்கினாள். அன்றைக்குப் பண்ணையில் கழற்றிய போர்டு அதில் இருந்தது. தம்பியின் தப்புக்குச் சாட்சி என்று வைத்திருந்தாள். எத்தனையோ தடவை எடுத்து அந்தச் சாம்பல் நிற ஈயத்தைப் பார்த்துக் கறுவியிருக்கிறாள். திருப்பிப் பார்த்ததில்லை. தன் சொட்டைத் தானே போய்ச் சரி பார்ப்பதாவது.

இப்போது திருப்பினாள். இடைவெளி அப்படியே இருந்தது. அதில் சொட்டு இல்லை.

நாற்காலியில் உட்கார்ந்து யோசிக்க யோசிக்க எல்லாம் ஞாபகம் வந்தது. பண்ணைக்காரர் பன்னிரண்டு போர்டு கேட்டிருந்தார். பன்னிரண்டிலும் கதவைச் சாத்திக்கொண்டு சொட்டு வைத்து, சோதித்து, கட்டி வைத்தாள். பதிமூன்றாவது ஒன்றை அவசரத்துக்கு இருக்கட்டும் என்று சொட்டு வைக்காமலே தட்டில் போட்டிருந்தாள். வண்டியில் ஏற்றும்போது அவர், இன்னொன்று கிடைக்குமா, ஒரு பெட்டி கூடுதலாக இருக்கிறது என்றார். அவள்தான் தட்டிலிருந்து எடுத்தாள். அவள்தான் காகிதத்தில் சுற்றி அவர் கையில் கொடுத்தாள். தம்பி அப்போது கீழே டீ வாங்கப் போயிருந்தான். முட்டை வெந்தது அவன் வைத்த ஈயம் மங்கியதால் அல்ல. முதல் காவல் காலை வாரியபோது வெட்டிவிட இரண்டாவது காவலே இல்லை; பெட்டி அப்படிச் சூடேறியதால்தான் ஈயம் மங்கியது. இந்தத் தொழிலில் முதல் வருஷத்தில் இருப்பவருக்கும் தெரிந்த விஷயம் அது. அவளுக்குத் தெரியாமல் போனதற்குக் காரணம், தன்னைத் தவிர எல்லோரையும் சந்தேகப்பட்டதுதான்.

வெட்கத்தில் அவளுக்கு உடம்பு கூசியது. அழுகை வரவில்லை. வந்திருந்தால் தேவலை என்றிருந்தது.

மறுநாள் பண்ணைக்காரருக்குப் போன் செய்து உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர் முழுசாகக் கேட்டுக்கொண்டார். பிறகு, பெட்டிகளில் இப்போது ஓடிக்கொண்டிருக்கும் போர்டு ஒவ்வொன்றையும் அவள் நேரில் வந்து திருப்பிக் காட்ட வேண்டும் என்றும், அதற்கப்புறம்தான் முப்பது போர்டைப் பற்றிப் பேச்சு என்றும் சொல்லி வைத்துவிட்டார். கணவரிடமும் சொன்னாள். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்த கையோடு அவளை ஏறிட்டுப் பார்த்து, "அவன்கிட்ட சொல்லிட்டியா?" என்று மட்டும் கேட்டார்.

அடுத்த சனிக்கிழமை தம்பி வந்ததும் கணினி பக்கம் போக விடாமல் போர்டை எடுத்து அவன் முன் கவிழ்த்து வைத்தாள்.

"இங்க ஒரு சொட்டு இருக்கணும். நான்தான் வைக்கணும். வைக்கலை. முட்டை வெந்தது என்னாலதான்டா. உன் கையால இல்லை."

பூட்டுக் கதையை முதலிலிருந்து சொன்னாள். எங்கும் பூசி மெழுகவில்லை. அவன் போர்டை வெளிச்சத்தில் பிடித்து அந்த இடைவெளியை நகத்தால் தொட்டுப் பார்த்தான். முகத்தில் கோபம் வரும் என்று அவள் காத்திருந்தாள்.

"அப்ப நான் இல்லையா?" என்றான்.

"நீ இல்லை."

"ரெண்டு வருஷமா சால்டரிங் அயர்னைத் தொடலைக்கா. அங்க தராசுக் கம்பெனியில படம் மட்டும்தான் போடறேன். எடுத்தா அந்த முட்டைங்கதான் கண்ணு முன்னாடி வருது." போர்டைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னான்: "அதான் அந்தக் குறி வரையற வேலை. அங்க நான் தப்புப் பண்ணா நாலு பேர் பார்த்துத் திருத்திடுவாங்க. யாரோட முட்டையும் வேகாது."

ஒருவன் எதற்குச் சும்மா உழைக்கிறான் என்று மூன்று வாரமாகக் குடைந்து குடைந்து தேடியதற்கு அவளுக்கு விடை கிடைத்துவிட்டது. வெளியே எங்கும் போயிருக்க வேண்டியதில்லை. அவளே செய்து அனுப்பிய விடை அது. அவன் தோளைத் தொடக் கையை நீட்டி, பாதியில் இழுத்துக்கொண்டாள். சூடாகியிருந்த அயர்னை அவன் பக்கம் நகர்த்தி, அந்தச் சொட்டை நீயே வை என்றாள்.

"இன்னிக்கு வேண்டாம்," என்றான்.

கணினி முன் போய் உட்கார்ந்தான். இந்தத் தடவை அவள் முழுப் படத்தையும் திறந்து கொடுத்தாள். சிவப்பு அம்பு இருந்த இடத்தில் அவன் புள்ளி வைத்தான். சோதனைப் பொத்தானை அழுத்தினான். பிழை எதுவுமில்லை என்று வந்தது. அவன் திரும்பி அவளைப் பார்த்தான்.

"வேற எங்கெல்லாம் இப்படி விட்டிருக்க?"

"அது ஒண்ணுதான்டா. சத்தியமா."

"பண்ணைக்காரர்கிட்ட நிஜமாவே சொல்லிட்டியா?"

"சொல்லிட்டேன்னு சொன்னேனே."

"அவர் நம்பரைக் குடு. நானே கேட்டுக்கறேன்."

குரலில் கோபமே இல்லை. அந்தப் பார்வையை அவளுக்குத் தெரியும். இத்தனை வருஷமாகக் கடைக்காரர்களையும் கணவரையும் இவனையும் அவள் பார்த்து வந்த பார்வைதான் அது. எதிர்ப் பக்கத்தில் உட்கார்ந்தால் எப்படி இருக்கும் என்று இன்றைக்குத்தான் தெரிந்தது. நம்பரைச் சொன்னாள்.

அவன் பேசி முடிக்கும் வரை கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள். போனை வைத்தவன், டேட்டா ஷீட்டை விரித்து வைத்துக்கொண்டு, அவள் வரைந்த படத்தை முதல் காலிலிருந்து சரி பார்க்க ஆரம்பித்தான்.